108 ஆம்புலன்ஸில் பணியாற்ற என்ன படிக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்துத் தேறிய உங்கள் தங்கை, 108 ஆம்புலன்ஸில் நோயாளியின் அருகில் இருக்கும் பாராமெடிக் ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றும், நீட் எழுதவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எதில் சேர்ப்பது, எத்தனை ஆண்டுகள் ஆகும், பெண்ணுக்கு இந்த வேலை ஒத்துவருமா, பின்னாளில் வெளிநாடு போக வழி உண்டா என்பவை உங்கள் கேள்விகள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தும், ஆம்புலன்ஸுக்கு வரும் புதியவர்களுக்குப் பயிற்சி அளித்தும் பழகியவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீட் எழுதாததைப் பற்றி முதலில் கவலையை விடுங்கள். நான் கீழே சொல்லும் அவசர சிகிச்சைப் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே இதுவரை இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

எங்கும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி ‘பாராமெடிக்கல் கல்லூரி’ என்ற பலகைகள் நிறையத் தொங்கும். அவற்றில் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கு போன்ற துணை மருத்துவப் படிப்புகள். அவை எல்லாம் மதிப்புள்ள வேலைகளே. ஆனால் சாலையோரம் மண்டியிட்டு ஒருவரின் மூச்சுப்பாதையைத் திறந்துவிடும் வேலைக்கு அவை நேராக ஆயத்தப்படுத்துவதில்லை. அந்தப் பலகையை நம்பிச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளுக்கு நடுவே நின்றபடி ‘நான் நினைத்தது இது இல்லையே’ என்று வருந்தும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அவசர சிகிச்சை, விபத்துக் காயம், ஆம்புலன்ஸ் பணி ஆகியவை தனிப் பாடங்களாக இருந்தால்தான் அது நீங்கள் தேடும் படிப்பு.

இனி 108 விஷயம். தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு நிதி தருகிறது, இ.எம்.ஆர்.ஐ. என்ற ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. வண்டிக்கு இருவர்: ஒருவர் ஓட்டுநர், அவரைப் ‘பைலட்’ என்பார்கள், மற்றவர் மருத்துவ உதவியாளர், இ.எம்.டி. (அவசர மருத்துவ டெக்னீஷியன்) என்றால் எல்லாருக்கும் தெரியும். உங்கள் தங்கை கேட்பது இந்த இரண்டாவது இடத்தை.

அந்த இடத்துக்கு நிறுவனம் வெளியிடும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் வழக்கமாகக் கேட்கப்படும் தகுதி பலருக்கு வியப்பாக இருக்கும். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். ஆகிய செவிலியப் படிப்புகள், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகள் படித்த டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் பட்டயம் ஆகியவற்றோடு, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம் போன்ற உயிர் அறிவியல் பட்டங்களையும் ஏற்கிறார்கள். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு ஒன்று. அதில் தேறினால் உடற்கூறியல், முதலுதவி, அடிப்படைச் செவிலியப் பணி ஆகியவற்றைக் குடையும் மருத்துவ நேர்காணல். அதற்குப் பின் மனிதவளத் துறையின் நேர்காணல். எல்லாவற்றிலும் தேறியவர்களுக்குச் சுமார் 50 நாட்கள் பயிற்சி. வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றிலும் அது நடக்கும். ஒவ்வொரு முறையும் அறிவிப்பில் சில மாறுதல்கள் வரலாம். தன் படிப்பின் பெயர் பட்டியலில் இல்லை என்றால், தேர்வு முகாமுக்குப் பஸ் ஏறுவதற்கு முன் அறிவிப்பில் உள்ள எண்ணுக்குப் பேசித் தெளிந்துகொள்ளட்டும்.

ஆக, வெறும் பன்னிரண்டாம் வகுப்போடு இந்த இடத்தைப் பிடிக்க முடியாது. அதே சமயம், கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் படித்தவருக்கும் கதவு திறந்திருக்கிறது. நுழைவது எளிது என்று தோன்றும். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. மூன்று ஆண்டுகள் தவளையையும் கரப்பான்பூச்சியையும் படித்த ஒருவர், 50 நாட்கள் கழித்து மாரடைப்பு வந்தவரோடு ஓடும் வண்டியின் பின்புறத்தில் தனியாக இருக்கிறார். அவரிடம் மனத்துணிவும் நல்ல மனமும் இருக்கும். பயிற்சியில் சொன்னதை அப்படியே செய்வார். ஆனால் நோயாளிகளின் அருகில் நின்ற நேரம் குறைவாக இருப்பவருக்கு, மூச்சு வாங்குவது ஆஸ்துமாவா, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்ததா என்று பார்த்த மாத்திரத்தில் பிடிபடாது. அந்தத் திறமையைப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பழகித்தான் பெறமுடியும். அதனால் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘சீக்கிரம் முடிவது எது’ என்று பார்க்காமல், ‘நோயாளியோடு அதிக நேரம் இருக்கவைப்பது எது’ என்று பாருங்கள். நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

அப்படிப் பார்த்தால் முதலில் வருவது பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பட்டப்படிப்பு இது. மூன்று ஆண்டுகள் படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, ஆக நான்கு ஆண்டுகள். மேலே நான் சொன்ன 108 தகுதிப் பட்டியலில் இதன் பெயர் இல்லை என்பதால், விண்ணப்பிக்கும்போது அறிவிப்பில் உள்ள எண்ணில் கேட்டுக்கொள்ளட்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக இருந்தாலும் சரி. அரசு மருத்துவக் கல்லூரி இடங்களையும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் தரவரிசை, இணையவழிக் கலந்தாய்வு, இட ஒதுக்கீடு என்று அது நடக்கும். துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம்தான். எனவே கலந்தாய்வு நாளில் விருப்ப வரிசையைக் கவனமாக இடவேண்டும். மதிப்பெண் அதிகம் உள்ள பிள்ளைகள் பலர், பெயர் பெரிதாக இருக்கிறது என்று வேறொன்றை மேலே போட்டுவிட்டு இதை இழந்துவிடுகிறார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அங்கே வந்து இறங்கும் நோயாளிகள். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் இயங்கும் அரசு மருத்துவமனைகளில், வாசலிலேயே நோயாளியைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர் சிவப்புக்குப் போவார். அந்த வாசலில் ஓர் இரவு நின்றால் புத்தகத்தில் ஒரு மாதம் படிப்பது மனத்தில் ஏறும். பூச்சிமருந்து குடித்தவர், பாம்பு கடித்தவர், லாரி மோதியவர், வலிப்பு நிற்காத குழந்தை என்று வரிசையாக வருவார்கள். தனியார் கல்லூரி பார்ப்பதாக இருந்தால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் 24 மணி நேர அவசர சிகிச்சைப் பிரிவு உண்மையில் இயங்குகிறதா, மாணவர்களுக்கு இரவுப் பணி உண்டா, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, ‘ஊசியைச் சிரைக்குள் நீங்களே செலுத்தியிருக்கிறீர்களா, இல்லை எட்டி நின்று பார்த்தீர்களா?’ என்று கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு. அவசர சிகிச்சை டெக்னீஷியன் அவற்றில் ஒன்று. குடும்பச் சூழலால் உடனே சம்பாதித்தாக வேண்டும் என்றால் அது பயன்படும், மருத்துவமனையில் வேலை கிடைக்கும். ஆனால் மேலே ஏறுவதற்கான படிகள் அதில் குறைவு. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ், அவசர மருத்துவ டெக்னீஷியன் என்ற பெயரில் சில மாதங்களில் முடியும் பயிற்சிகளும் இருக்கின்றன. வேறு படிப்பை முடித்தவர் கூடுதலாகச் செய்யலாம். அதை மட்டுமே நம்பி ஒரு வாழ்க்கையை அமைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது நல்ல பாதை செவிலியம். பலரும் இதை ஆம்புலன்ஸ் வேலையோடு சேர்த்து நினைப்பதில்லை. ஆனால் 108 அறிவிப்பில் முதலில் நிற்பதே இதுதான். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள், ஜி.என்.எம். மூன்று ஆண்டுகள், ஏ.என்.எம். இரண்டு ஆண்டுகள். செவிலியரின் கை ஊசியிலும் மருந்து அளவிலும் நோயாளியைப் புரட்டிக் கிடத்துவதிலும் பழகியிருக்கும். பிரசவ அறையிலும் அவர் நின்றிருப்பார். ஆம்புலன்ஸில் வரும் அழைப்புகளில் கர்ப்பிணிகளுக்குப் பெரிய பங்கு என்பதால் இது மிகவும் உதவும். இன்னொரு நன்மையும் உண்டு. ஆம்புலன்ஸ் வேலை சலித்தாலோ உடல் இடம் தராவிட்டாலோ மருத்துவமனைக்குத் திரும்பலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி அரசுப் பணிக்கும் முயலலாம். உங்கள் வீட்டில் ‘நிலையான வேலை’ என்ற பேச்சு வலுவாக இருக்குமானால், செவிலியம் படித்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்து, அதன்பின் ஆம்புலன்ஸுக்கு வருவதே நான் சொல்லும் யோசனை. அப்படி வந்தவர்கள்தான் பதற்றம் இல்லாமல் வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன்.

வீட்டில் வேறு யாராவது இந்தச் சேவைக்கு வர விரும்பினால் பைலட் பணியும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 24 முதல் 35, உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், இலகுரக வாகன உரிமம் எடுத்து மூன்று ஆண்டுகளும் பேட்ஜ் எடுத்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும் என்று அறிவிப்புகளில் கேட்டுவருகிறார்கள். பயிற்சி பத்து நாட்கள்.

இன்னொரு மாற்றத்தையும் மனத்தில் வையுங்கள். 2021-இல் நாடாளுமன்றம் இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையத்தை உருவாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல், இந்தத் தொழில்களுக்கும் பதிவேடும் பொதுவான பாடத்திட்டமும் வேண்டும் என்பது அதன் நோக்கம். அவசர மருத்துவத் தொழில்நுட்பர், அதாவது பாராமெடிக், அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார். இணை சுகாதாரப் பணியாளர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். எனவே இன்று சேரும் ஒருவர் இந்த அளவுகோலுக்குள் அடங்கும் படிப்பையே தேர்ந்தெடுப்பது நல்லது. ஆறு மாதச் சான்றிதழோடு வருபவர் நாளை பதிவுக்கு அலைய நேரிடலாம். சேர்க்கை விதிகளும் இந்த ஆணையத்தின் வழியாக மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படியுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று உங்கள் தங்கைக்கு நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரப் பணி. இரவும் உண்டு, தீபாவளியும் உண்டு. அழைப்பு வந்ததும் கிளம்பி, இடத்தை அடைந்ததும் முதலில் தனக்கு அங்கே ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பியையோ கசியும் பெட்ரோலையோ கவனிக்காமல் ஓடினால் ஒருவருக்குப் பதில் இருவரைத் தூக்க வேண்டிவரும். பிறகு நினைவு இருக்கிறதா, மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு எப்படி, இரத்தம் எங்கே போகிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இரண்டு நிமிடம் சரியாக அழுத்தினால் அழுத்துபவருக்கே மூச்சு வாங்கும். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கழுத்தை அசைக்காமல் பலகைக்கு மாற்றவேண்டும். சுற்றி நிற்பவர்களோ, ‘என்ன பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், தூக்கிப் போட்டுக்கொண்டு போங்கள்’ என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கையை நிதானமாக வைத்திருப்பது பயிற்சியால் வரும். ஐயம் வந்தால் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் போனில் பேசி, அவர் சொல்வதைக் கேட்டுச் செய்ய முடியும். நோயாளியின் நிலையை நான்கு வரியில் தெளிவாகச் சொல்லத் தெரியாவிட்டால் அந்த மருத்துவராலும் உதவ முடியாது. ஆகவே பேச்சுத் தெளிவும் இந்தத் தொழிலின் தகுதிகளில் ஒன்று.

பெண்ணுக்கு ஒத்துவருமா என்றால், ஒத்துவரும். 108-இல் பெண் மருத்துவ உதவியாளர்கள் நிறையவே இருக்கிறார்கள். 2020-இல் பெண் ஒருவர் தமிழ்நாட்டில் 108 ஓட்டுநராகவும் நியமிக்கப்பட்டார். மலைக்கிராமத்திலிருந்து இறங்கும் வழியில் வண்டியிலேயே பிரசவம் ஆகும்போது, பெண் உதவியாளர் இருப்பது அந்தத் தாய்க்கு எவ்வளவு ஆறுதல் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சிரமங்களையும் மறைக்க மாட்டேன். தூக்கும் வேலை அதிகம். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து எண்பது கிலோ மனிதரை இறக்க நேரும். இடுப்பைக் காத்துக்கொள்ளும் முறைப்படி தூக்கக் கற்றுக்கொள்வது ஆணுக்கும் பெண்ணுக்கும் முதல் பாடம். குடித்துவிட்டுத் தகராறு செய்பவர்களும் வருவார்கள். இரவு நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் கழிப்பறையும் பாதுகாப்பான ஓய்விடமும் இருக்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும். பணியிடம் ஒதுக்கும்போது அதைக் கேட்டுப்பெற அவள் தயங்கக் கூடாது. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பஸ்ஸில் போனால் குமட்டும் பழக்கம் அவளுக்கு உண்டா? ஆம்புலன்ஸின் பின்புறத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்து, வளைவுகளில் குனிந்து வேலை செய்ய வேண்டும். பலருக்கு அது பழகிவிடும், சிலருக்குப் பழகுவதே இல்லை.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அண்மைக்கால அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளருக்கு மாதம் 21,000 ரூபாயை ஒட்டிய தொகை சொல்லப்படுகிறது. வேலை கொடுப்பது ஒப்பந்த நிறுவனம். அரசு ஊழியர் என்ற நிலை கிடையாது. தமிழ்நாட்டில் எங்கே வேண்டுமானாலும் பணியிடம் தருவார்கள். உயிரைக் காக்கும் வேலைக்கு இந்த ஊதியம் போதாது என்பதே என் உறுதியான கருத்து. நல்ல கைகள் சில ஆண்டுகளில் வெளியேறுவதற்கு இதுவே பெரிய காரணம். ‘இவ்வளவு கொடுத்தால் 108-இல் வாங்கித்தருகிறேன்’ என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். தேர்வு முகாம்கள் அறிவிப்போடு வெளிப்படையாக நடக்கின்றன, அசல் சான்றிதழ்களோடு நேரில் போனால் போதும்.

வெளிநாடு என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாசல். இங்கிலாந்தில் ‘பாராமெடிக்’ என்ற பெயரைப் பதிவு பெற்றவர் தவிர வேறு யாரும் பயன்படுத்தச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கே பதிவுக்கான படிப்பின் அளவு 2021 செப்டம்பர் முதல் பட்டப்படிப்பாக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டில் படித்தவர் தன் பாடங்களையும் பயிற்சியையும் அவர்களுடைய தரத்தோடு ஒப்பிட்டு நிரூபிக்க வேண்டும், ஆங்கிலத் தேர்வும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பரிலிருந்து தேசியப் பதிவு கட்டாயம். வளைகுடா நாடுகளில் சான்றிதழ்களை மூலத்திலேயே சரிபார்த்து, கணினித் தேர்வு வைத்து உரிமம் தருகிறார்கள். பணி அனுபவமும் கேட்பார்கள். விலங்கியல் பட்டமும் 50 நாள் பயிற்சியும் இங்கே வேலை தரும், ஆனால் இங்கிலாந்துப் பதிவுக்கு அது போதாது. வெளிநாட்டு எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் நான்காண்டுப் பட்டமே வேண்டும். முதல் ஆண்டிலிருந்தே பாடத்திட்டம், பயிற்சி நேரப் பதிவேடு, துறைத் தலைவர் கையெழுத்திட்ட செயல்முறைக் குறிப்புகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தட்டும். பின்னால் தேடினால் கிடைக்காது.

படிப்பு எதுவானாலும், அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி முடித்தவருக்கு எங்கும் மதிப்பு உண்டு. அதற்குத் தரும் சான்று அட்டை இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சியும், விபத்துக் காயப் பயிற்சியும் செய்யலாம். ஒரே நாளில் அட்டை கையில் தந்து அனுப்பும் இடங்களை நம்பவேண்டாம். பொம்மையின் மீது கை வலிக்கும்வரை அழுத்தவைக்கும் இடமே சரியான இடம்.

இப்போதே செய்ய வேண்டியவை சில. இருப்பிட, சாதி, மாற்றுச் சான்றிதழ்களை எடுத்து வையுங்கள், தேர்வுக் குழுவின் அறிவிப்பை மதிப்பெண் பட்டியல் வந்த நாளிலிருந்து கவனித்துவாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவில்லை என்றால் தொடங்கிவிடுங்கள். முதல் தவணை, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்து மாணவப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் தெரிந்த செவிலியரோ, வண்டி நிறுத்தத்தில் இருக்கும் 108 உதவியாளரோ இருந்தால், அவள் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரட்டும். மதிப்பெண் நன்றாக இருந்தால் அரசுக் கல்லூரியில் அவசர சிகிச்சைப் பட்டம், கிடைக்காவிட்டால் செவிலியம். அவளுடைய மதிப்பெண்ணையும் மாவட்டத்தையும் எழுதினால், விருப்ப வரிசையை எப்படி இடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.